ஆல்டர்னேட்டரில் வைத்த பொட்டு

உக்கிரபாண்டி சிறப்பு எஸ்.ஐ. ஆகி ஓய்வு பெற்றவர்தான். ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஏட்டையா என்றே கூப்பிடுவார்கள். முப்பத்து மூன்று வருஷப் போலீஸ் உத்தியோகத்தில் இருபது வருஷம் ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்ந்தே கழித்தவர். ஸ்டேஷனில் லத்தி பிடிக்கும் கையைவிடப் பேனா பிடிக்கும் கைக்குத்தான் மவுசு. யார் தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வந்து நின்றாலும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்பது ஒன்றுதான்: "அதெல்லாம் சரி, அத்தாட்சி என்ன வச்சிருக்க?" கல்நெஞ்சக்காரர் இல்லை. அத்தாட்சி இல்லாத அழுகைக்குத் தாளில் இடமில்லை என்று நம்பியவர், அவ்வளவுதான்.

ஓய்வுப் பணத்தில் முதல் காரியமாகக் கம்பெனி ஷோரூமிலேயே, ஐந்தாறு வருஷம் ஓடிய ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். பெருமைக்காக என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது அவர் மனைவி சுடலையம்மாளுக்காக வாங்கியது. அவளுக்குப் பிறந்த ஊர் கூமாப்பட்டி. மாதம் ஒருமுறையாவது அங்கே போய் அண்ணன் வீட்டில் தலையைக் காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இப்போதெல்லாம் பஸ் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "செத்த நேரம் பொறுங்க" என்று கண்டக்டரிடம் கெஞ்சுவாள். அதை ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மறு வாரமே காருக்கு முன்பணம் கட்டினார்.

கார் வந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றவள், பானெட்டைத் திறக்கச் சொன்னாள்.

"வெளிய பொட்டு வச்சா போதும்ட்டி."

"வெளிய இருக்கதா ஓடுது? உள்ள இருக்கதுதானங்க ஓடுது."

பேட்டரிக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தவள், பெல்ட் சுற்றியிருந்த ஓர் உருண்டைச் சாமானைக் காட்டி இது என்ன என்றாள். "ஏதோ ஒண்ணு, வையி" என்றார். அது ஆல்டர்னேட்டர், ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது என்பதெல்லாம் அன்றைக்கு அவருக்கும் தெரியாது.

மார்கழியில் டேஷ்போர்டில் சிவப்பாகப் பேட்டரி விளக்கு எரிந்தது. வாங்கிய இடத்துக்கே கொண்டுபோனார். கண்ணாடிக் கட்டடம், ஏ.சி., காகிதக் கப்பில் காபி. கையில் டேப்லெட்டோடு வந்த பையன், "ஆல்டர்னேட்டர் போயிருச்சு சார், புதுசுதான் மாத்தணும்" என்றான். ஸ்டேஷனுக்குள் அவர் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நின்ற காலம் ஒன்று உண்டு. இங்கே அவர்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தோராயிரம் ரூபாய். அச்சடித்த பில், சீல், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்ததால் மறுபேச்சில்லாமல் கட்டினார். தாளில் இருப்பதை நம்பித்தானே அவர் பிழைப்பே நடந்தது.

பன்னிரண்டாம் நாள், கூமாப்பட்டியிலிருந்து திரும்பும்போது பிளவக்கல் பிரிவுக்குப் பக்கத்தில் அதே சிவப்பு விளக்கு எரிந்து, வண்டி நின்றே போனது. அங்கே டீக்கடையில் இருந்தவர்கள் நம்பர் கொடுக்க, ராஜபாளையத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அன்சார் பைக்கில் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது ஆள், முன்னால் மெக்கானிக்காக இருந்தவர். பானெட்டைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"புது ஆல்டர்னேட்டர் போட்டதாவா சொன்னீக? ஏட்டையா, புதுசுல எப்படிச் சந்தனப் பொட்டு வந்துச்சு?"

சுடலையம்மாள் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது சந்தனம். குங்குமம் கறுத்திருந்தது. ஆனாலும் அழியவில்லை.

"நான் வச்சதுதாங்க. மோதிர விரல் தடம் அப்படியே இருக்கு பாருங்க" என்றாள்.

அவர்கள் மாற்றியது ஒன்றுமில்லை. பெல்ட்டை இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. அன்சார் கடையில் அதை மாற்ற ஆயிரத்துச் சொச்சம்தான் ஆனது.

மறுநாள் உக்கிரபாண்டி போட்டோ எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? மேனேஜர் நிதானமாகப் பார்த்தார். "சிஸ்டத்துல மாத்துனதாத்தான் சார் இருக்கு. பொட்டு நீங்களே பொறவு வச்சிருக்கலாம்ல?" என்றார்.

இருபது வருஷமாக இதே மாதிரிக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்! அறுபது வயதில் அது அவர் பக்கம் திரும்பியது. வீட்டுக்கு வந்து, "இனிமே எவன் வாசலையும் மிதிக்க மாட்டேன். எங் கார நானே பாத்துக்கிடுதேன்" என்றார். சுடலையம்மாள், அவரால் ஆகாது என்று நினைத்தாலும், சொல்லாமல் சிரித்தாள்.

ஆனது. ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் வாங்கினார். காலையில் போனில் வீடியோ பார்ப்பது, மத்தியானம் ராஜபாளையம் போய் அன்சார் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சந்தேகம் கேட்பது, அதையெல்லாம் கேஸ் டைரி எழுதுவதுபோல் நோட்டில் எழுதுவது. முதல் தடவை ஆயில் மாற்றும்போது போல்ட்டைத் தப்பாகத் திருகி, மூன்றரை லிட்டரும் வாசல் சிமெண்டில் ஓடியது. சுடலையம்மாள் மூன்று நாள் சோப்புப் போட்டுத் தேய்த்தும் அந்தக் கறை போகவில்லை. இரண்டாம் தடவை ஒரு சொட்டு சிந்தவில்லை. பிரேக் பேட், கூலன்ட், பிளக் என்று மாசி முடிவதற்குள் எல்லாம் கைக்கு வந்தது. போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்பாள். "பன்னெண்டா, பதினாலா?" என்று கேட்டுச் சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். நடுவில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொள்வாள். அவர் கவனிக்காமல் இல்லை. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பொட்டுக் கதை ஊரெல்லாம் பரவியது. யார் வீட்டுக் காருக்கு, பைக்குக்குப் பில் வந்தாலும் அவரிடம் எடுத்து வந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, "இது தேவையில்ல, இது பித்தலாட்டம், இத மட்டும் கட்டு" என்று சிவப்புப் பேனாவால் அடித்துக் கொடுப்பார். முக்கால்வாசி அவர் சொன்னபடிதான் இருந்தது. பில் ஏட்டு என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. ஓய்வு பெற்றபின் இழந்த மரியாதை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்ததில் மனிதர் பூரித்துப் போனார். அந்தப் பூரிப்புத்தான் வினையாக முடிந்தது.

ஆனி மாதம் ஒரு நாள் அடுப்படியிலேயே சுடலையம்மாளுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. உள்ளூர் டாக்டர் சீட்டு எழுதி மதுரைக்கு அனுப்பினார். அங்கே ஆஞ்சியோ எடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு இடத்துல அடைப்பு சார். ஒண்ணு தொண்ணூறு பெர்சென்ட். இன்னைக்கே ஸ்டென்ட் வச்சிர்றது நல்லது. பென்ஷன் இன்சூரன்ஸ் இருக்குல்ல, நீங்க கையில இருந்து பெருசா எதுவும் கட்ட வேண்டியிருக்காது."

அந்தப் பிள்ளை நல்லதைத்தான் சொன்னது. ஆனால் உக்கிரபாண்டியின் கண்ணுக்கு டாக்டர் தெரியவில்லை, டேப்லெட் வைத்திருந்த பையன்தான் தெரிந்தான். இன்சூரன்ஸ் என்று காதில் விழுந்ததும் சந்தேகம் இரட்டிப்பானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, தன் பொறுப்பில் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டு அவளை அழைத்து வந்துவிட்டார். கஞ்சத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் காசு பெரிதாக ஒன்றும் போகப்போவதில்லை. இன்னொரு முறை ஏமாளி ஆகக் கூடாது, அது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது.

திரும்பும் வழியில் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அவள்தான் பேச்செடுத்தாள்.

"ஏங்க, அவிய பொய் சொல்லுத மாதிரி தெரியலையே."

"ஷோரூம்காரன் மட்டும் என்ன, பொய்னு சொல்லிக்கிட்டா சொன்னான்? திரையில கோட்டக் காட்டுனா அது ஒன் நெஞ்சுதான்னு என்னட்டி அத்தாட்சி?"

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். "நீங்க பாத்தாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி ஓட வைத்த மனிதர் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்சாரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "வண்டின்னா கழத்திப் பாத்துட்டுத் திரும்ப மாட்டலாம் ஏட்டையா. இதுல அது முடியுமா? வேற டாக்டர்ட்டயாவது காட்டுங்க."

"ஒனக்குத் தெரியாது, எல்லாரும் ஒரே கூட்டம்" என்று எழுந்து வந்துவிட்டார். அதோடு அந்தக் கடைப் பக்கம் போவதையும் குறைத்துக்கொண்டார்.

கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த மகள் மாரிச்செல்வி போனில் கேட்டபோது, "வாயுப் பிடிப்புதான், மாத்திரை குடுத்திருக்காக" என்றார். ஆஸ்பத்திரி பைலை பீரோவில் துணிக்கு அடியில் வைத்தார். வீடியோ பார்த்துப் பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் காய்ச்சித் தேன் கலந்து, தினம் விடிந்ததும் அவரே கொடுத்தார். அவளும் முகம் சுளிக்காமல் குடித்தாள். சில நாள் தெம்பாகத் தெரிந்தாள். அதையும் நோட்டில் எழுதினார்.

ஆவணியில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஆல்டர்னேட்டர் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அடியில் இருட்டாக இருந்ததால் அவள் டார்ச்சைப் பிடித்திருந்தாள். கடைசி போல்ட்டை முடுக்கி முடிக்கும்போது வெளிச்சம் ஆடியது.

"நேராப் பிடிட்டி" என்று அதட்டினார்.

போன் கீழே விழுந்தது. திரும்பினால், அந்த ஆயில் கறைமேல் அவள் சாய்ந்து கிடந்தாள்.

தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். வண்டி முதல் சாவியிலேயே எடுத்தது. ஒரு விளக்கும் எரியவில்லை, பிரேக் கால் வைத்த இடத்தில் பிடித்தது. அவர் கை பட்ட எதிலும் ஒரு குறை இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போதே, உயிர் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும், பொண்டாட்டிக்காகக் கார் வாங்கிய மனுஷன், ராணி மாதிரி வைத்திருந்தார், விதி முடிந்தால் யார் என்ன செய்ய என்றார்கள். பைல் பீரோவிலேயே இருந்தது. அத்தாட்சியை மறைத்தவனுக்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று அவருக்குத் தெரியாதா?

அந்த வருஷம் வீட்டில் பண்டிகை கிடையாது. ஆயுத பூஜை விடுமுறைக்கு மாரிச்செல்வி மட்டும் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். தெருவெல்லாம் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. சாயங்காலம் பால்சாமி வந்தார். ராஜபாளையம் பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்க்கிறவர், இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கையில் ஒரு தாள்.

"ஏட்டையா, எங்க வீட்டுக்காரிக்கு அடைப்பு இருக்குங்காக. ஒடனே ஸ்டென்ட் வைக்கணுமாம். நீங்கதான் இந்தப் பில்லெல்லாம் பாத்துச் சொல்லுவீகளே. நெசமா, இல்ல பித்தலாட்டமா?"

உக்கிரபாண்டி தாளை வாங்கினார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. கண்ணாடி போடாமலே தாளை மடித்தார். உள்ளே மாரிச்செல்வி காபி ஆற்றும் சத்தம் கேட்டது. இப்போது வாயைத் திறந்தால் மிச்சமிருக்கும் ஓர் உறவும் போய்விடும். திறக்காவிட்டால் பால்சாமி வீட்டிலும் ஒரு பெண் போய்விடுவாள்.

"எங்கிட்ட இதக் காட்டாத பால்சாமி" என்றார். "எங்க சுடலைக்கும் இதையேதான் சொன்னாக. நாந்தான் வேண்டாம்னு கூட்டிட்டு வந்தேன். கெளம்பச் சொல்லு அவள, இப்பவே நான் வண்டி எடுக்கேன்."

பால்சாமி எழுந்து ஓடினார். நிலைப்படியில் டம்ளரோடு நின்றிருந்தாள் மாரிச்செல்வி.

"எப்பப்பா சொன்னாக?"

"ஆனி பதினெட்டு."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "ரெண்டு மாசம் இருந்திருக்கு. எம்புட்டு நாளுப்பா... ஒரு போன் போட்டிருந்தா நான் வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனே எங்க அம்மாவ."

அவர் பீரோவைத் திறந்து பைலை எடுத்துவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. காபியைத் திண்டில் வைத்துவிட்டு, துணிமணியை எடுத்து வைக்க உள்ளே போய்விட்டாள்.

தூரப் பயணம் என்றால் ஆயிலும் தண்ணீரும் பார்க்காமல் அவர் எடுப்பதில்லை. பானெட்டைத் தூக்கினார். எல்லாம் சரியாக இருந்தது. உருண்டைச் சாமானின் மேல் அந்தப் பொட்டு இன்னும் இருந்தது. போன ஆயுத பூஜைக்கு அவள் வைத்தது. சந்தனம் பாதி உதிர்ந்து, மோதிர விரல் தடம் மட்டும் தெரிந்தது. இதைத்தான் அத்தாட்சி என்று ஊரெல்லாம் காட்டித் திரிந்தார். வைத்த விரலைக் காப்பாற்றத் துப்பில்லை. பால்சாமி மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. பானெட்டை அதிராமல் மூடிவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டார்.