சென்சாவின் தொட்டி மண்

எதிர்வீட்டு சென்சாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை என்பார்கள். அவள் புழு வளர்ப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்குப் புழுவென்றாலே குமட்டும். ஆனாலும் சொல்கிறேன், அந்த வருஷம் அவளுக்கு நடந்தது அநியாயம்.

எங்கள் கோசோ தீவில், ஊருக்குப் பின்னால் இருந்த சரிவு முழுக்கப் பால்கள்ளி மண்டிக் கிடந்தது. எங்கள் தீவுக்கே உரிய பருந்து அந்துப்பூச்சி என்ற பெரிய பூச்சி முட்டையிடுவது அதில்தான். கருப்பு உடம்பும் வாலில் சிவப்புக் கொம்புமாக, அந்த விஷத் தழையைத் தின்றே புழு கொழுக்கும். வேறு தழை போட்டால் பட்டினி கிடந்து சாகும். அக்டோபரில் அடுக்குமாடி கட்டச் சரிவை வழித்துப் போட்டார்கள். சென்சா ஓடிப் போய்ப் பொறுக்கியதில் மூன்று புழு தேறின. அவை பின்கட்டுத் தொட்டி மண்ணில் இறங்கிக் கூடு கட்டிக்கொண்டன. வசந்தத்தில் ஒன்றாக வெளிவந்து ஜோடி சேர்ந்தால், கடற்பாறையில் மிச்சமுள்ள கள்ளியில் விட்டுவிடலாம். அவளுடைய ஆசையெல்லாம் அதுதான்.

அவள் புருஷன் விஸ்டினுக்குக் கிறிஸ்துமஸ் குடில் பைத்தியம். குடிலில் வைக்க, இருட்டு அலமாரியில் தட்டு நிறையப் பயறு முளைக்கவிடுவது எங்கள் வழக்கம். முளை வெள்ளையாக வர வேண்டும்; வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும்.

"அலமாரியத் திறந்தே, கை இருக்காது," என்று சென்சா மிரட்டி வைத்திருந்தாள். அவனும் திறக்கவில்லை.

குடிலுக்கு விளக்குப் போட்டுப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். நான் பார்க்கப் போயிருந்தேன். குடிலில் பரப்பியிருந்த மண்ணில் நின்ற மேய்ப்பன் பொம்மையின் கோலில் ஒரு பூச்சி தொற்றிக்கொண்டு, ஈரச் சிறகைத் தொங்கவிட்டிருந்தது. சென்சா விஸ்டின் பக்கம் திரும்பினாள்.

"மண்ணு ஏதுய்யா?"

"பின்கட்டுத் தொட்டிலேர்ந்துதான். சலிக்கக்கூட வேணாம், அவ்வளவு நைசு."

"அதுக்குள்ளதான்யா என் கூடு இருந்துச்சு."

"நீ அலமாரியத்தானே தொடக்கூடாதுன்னே?"

அவன் கேட்டதும் நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

விளக்குச் சூட்டை வசந்தமென்று நம்பி வந்துவிட்டது, பாவம். சென்சா மற்ற இரண்டு கூட்டையும் தேடியெடுத்துக் குளிரில் வைத்தாள். வந்தது பெண். கள்ளிக்கொத்து வைத்ததும் முட்டையிட்டது. ஆண் சேராத முட்டை, எல்லாம் வற்றிச் சுருங்கிவிட்டது. வருஷம் பிறப்பதற்குள் அதுவும் செத்தது.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் மிச்ச இரண்டும் வெளிவந்தன. சென்சா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாச்சு சென்சா?" என்றேன்.

"ரெண்டுமே ஆம்பள, அக்கா."

"அதனால என்ன, ஒரு பொண்ணு கெடைக்காமலா போயிடும்?" என்று விஸ்டின் வாயைக் கொடுத்தான்.

"எங்க கெடைக்கும்? இருந்த ஒருத்தியும் உன் குடில்ல கன்னியாவே செத்துட்டாளே."

சென்சா ஜன்னலைத் திறந்தாள். இரண்டும் கடற்பாறைப் பக்கம் திரும்பவே இல்லை. பழைய சரிவை நோக்கித்தான் பறந்தன. அங்கே இப்போது நாலு மாடி நிற்கிறது.