படம் பார்த்தாச்சு

பொன்னேரியில் நான் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே வீட்டுக்கார அக்காவும் அவள் கணவரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. வீடு அக்காவுக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. அவர் அரிசி ஆலைக்கு நெல் பிடித்துத் தருகிறவர். வாரத்தில் மூன்று நாள் ஊத்துக்கோட்டையில் தங்குவார். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெருவுக்கே தெரியும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘நெல்லு வாங்கப் போய்கீறாரு’ என்றால் அதுதான் அர்த்தம்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. நான் பெண்கள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். உருளைகளின் விட்டத்தை அளந்து நோட்டில் எழுதுவது வேலை. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பும்வரை எண்களைத் தவிர வேறு எதையும் வாயால் சொல்லாத நாட்கள் உண்டு. படியேறும்போது அக்கா கேட்கிற “சாப்ட்டியா கண்ணு, இன்னிக்கு எத்தினி எழுதின?” என்பதுதான் என்னிடம் ஒருவர் எனக்காகவே கேட்ட கேள்வியாக இருக்கும்.

ஒரு மாதமாக அவர் அந்தப் பெண்ணை இங்கேயே கூட்டிவந்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவே என்னிடம் சொன்னாள். “ரெண்டு அடுப்பு எதுக்குன்றாரு. நான் சரின்னு வாயால சொல்லணுமாம்.”

அக்கா சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் அக்காவைக் கூப்பிட்டார். “கொட்டாய்ல நல்ல படம் போட்டுகீறான். குடும்பப் படம். மேல கீற பொண்ணையும் இட்டுக்கினு போ.” அதுவரை அவளைப் படத்துக்கு அனுப்பியதே இல்லை அவர். அக்கா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

கூடாரக் கொட்டாய். பெண்கள் பக்கம் மணல் தரை. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்குப் போடுவார்கள். படத்தில் ஒரு எஞ்சினியர், வேலைக்குப் போன மலையூரில் ஒரு டீச்சரைக் காதலிக்கிறான். ஊரில் மனைவி இருக்கிறாள். பனிமூட்டத்தில் ஒரு பாட்டு வந்தது. அதன் பிறகு அந்த டீச்சர் தன் வாடகை அறையில் ஸ்டவ்வைப் பம்ப் அடித்து, ஒரே ஒரு தம்ளர் காபி போட்டுக் குடிப்பாள். அங்கே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. விளக்குப் போட்டபோது அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

வெட்கத்தை மறைக்க, மனதுக்குள் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். மனைவி வருகிற காட்சிகள்: கதவைத் திறப்பது, காபி தருவது, விளக்கேற்றுவது. ‘சாப்பிட வரீங்களா’ என்பதைத் தவிர அவளுக்கு வசனமே இல்லை. பனியும் பாட்டும் நல்ல புடவைகளும் டீச்சருக்கு. கடைசி ரீலில் மனைவியே மலையூருக்குப் போய், டீச்சர் நெற்றியில் குங்குமம் வைத்து, கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

எங்களைச் சுற்றி எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். “பொம்பளன்னா இப்டி மனசு இருக்கணும்” என்றாள் பின்னால் ஒருத்தி. மணலைக் கிளறிக்கொண்டிருந்த அக்காவின் விரல்கள் நின்றன.

“இதுக்குத்தான் அனுப்பிச்சாரா?” என்றாள், யாரிடமும் கேட்காத குரலில்.

வாசலில் அவர் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். “இன்னா, படம் எப்டி?”

அக்கா ரசத்தைச் சூடு பண்ண உள்ளே போனாள். அவர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா.”

மாதா மாதம் என்னிடம் வாடகை வாங்குகிறவர். எனக்கும் பாட்டு பிடித்திருந்தது. “நல்லா இருந்துதுண்ணே” என்றேன்.

அவர் உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “கேட்டியா? படிச்ச பொண்ணே சொல்லுது.”

மூன்று நாள் படியேறும்போது கேள்வி வரவில்லை. நான் சொன்ன சொல் பொய்யில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. நான் அழுதது நிஜம். அந்த மனைவிக்காக ஒரு சொட்டும் அழவில்லை என்பதும் நிஜம். அவளுக்காக அழ முடியாதபடிதான் அந்தப் படத்தை எடுத்திருந்தார்கள். நானும் அதற்கு உடன்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் மாலை, அவர் ஊத்துக்கோட்டையில் இருந்தபோது, அக்கா மாடிக்கு வந்தாள்.

“நீ எதுக்கு அழுத?”

“அவ தனியா காபி போட்டுக் குடிச்சாளேக்கா.”

அக்கா என் ஸ்டவ்வைப் பார்த்தாள். பக்கத்தில் கவிழ்த்திருந்த ஒற்றைத் தம்ளரையும் பார்த்தாள். “பொண்டாட்டிய நீ பாக்கவே இல்லியா?”

“பாத்தேன். கதவ நாலு தடவ தொறந்தா.”

“அஞ்சு. கடைசீல அவள உள்ள உடறதுக்கு ஒண்ணு. அத உட்டுட்ட.” பிறகு சொன்னாள், “நோட்டு எடுத்துக்கினு கீழ வா.”

கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, நான் எழுதினேன். சட்டை ஆறு. வேட்டி நான்கு. லுங்கி மூன்று. சவரப் பெட்டி. குடை. “நாளைக்கி அத்தக் காணோம் இத்தக் காணோம்னு பேஜாரு பண்ணுவாரு. லிஸ்ட்ட ரெண்டு காப்பி போடு.”

போட்டேன்.

“கடைசீல இன்னொண்ணு எழுது. படம் பாத்தாச்சுனு.”

வரிசை எண் போட்டு இரண்டு தாளிலும் அதை எழுதினேன்; ஒன்று பெட்டிக்குள் போனது. மறுநாள் காலை ஊத்துக்கோட்டை பஸ்ஸின் மேல் பெட்டி ஏறியது.

அவர் ஒருமுறை வந்து கதவைத் தட்டினார். அக்கா ஜன்னல் வழியாக, “எந்த நெம்பரு கொறையுது?” என்று கேட்டாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மேலே ஓர் அடுப்பும் கீழே ஓர் அடுப்பும், ஒவ்வொருத்திக்குமாக எரிந்தன. அக்கா மறுபடியும் “சாப்ட்டியா?” என்று கேட்டாள். “எத்தினி எழுதின?” என்பதை மட்டும் கேட்கவில்லை.

கொட்டாயில் அந்தப் படம் இன்னும் ஒரு வாரம் ஓடியது. ரயிலிலிருந்து இறங்கி நடக்கும்போது ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வரும். நல்ல பாட்டுதான். என்னையறியாமல் வாய் முணுமுணுக்கும். எங்கள் வீட்டுக்கு இன்னும் நான்கு வீட்டுக் கதவுகள் இருக்கும்போதே நிறுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் படியேறுவேன்.