நாக்குக்கு அடியில் ஒரு கல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதற்காக யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தக் கோபம் மட்டும் இல்லாதிருந்தால் பத்தொன்பது வயதில் காசநோய்க்காரி என்ற பட்டத்தோடு நெட்டுக்குப்பத்துக்குத் திரும்பியிருப்பேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் மீனவக் குப்பத்திலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண் நான். இரண்டாம் வருடம் இடது தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வருகிற போக்கில் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்டமாலை என்றார். கழுத்தில் வருகிற காசத்துக்கு அப்படி ஒரு பெயர். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அதற்குமேல் அவருக்குச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. மாதக் கடைசிக்குள் படிப்பை விட்டு விடுதியைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடப் படித்தவர்கள் சாப்பிடும்போது என்னைவிட்டுத் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா ராயபுரத்தில் மீன் விற்றுவிட்டு, எனக்கு நெத்திலிக் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. புளிக்குழம்பு வாயில் பட்டதும் கட்டி புடைத்ததையும், சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் அது வடிந்ததையும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சோறு துன்னா வருது, கை கழுவுனா போவுது. இது இன்னா நோவு? அந்த டாக்டரு நீ துன்னும்போது பாத்தாரா?”

பார்க்கவில்லை. நர்ஸ் படிப்பு படிக்கிற நானும் அதை யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அன்று மாலையே உடற்கூறு புத்தகத்தை எடுத்து, இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கீழ்த்தாடை எலும்பின் உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, பாக்கு அளவில் எச்சில் சுரப்பி இருக்கிறது. அதன் குழாய் முன்னால் வந்து நாக்குக்கு அடியில் திறக்கிறது. அங்கே எச்சில் கெட்டியாகவும் இருக்கும், மேல்நோக்கி ஏறவும் வேண்டும். அதனால் வாயில் கல் கட்டினால் பெரும்பாலும் அந்தக் குழாயில்தான் கட்டும். புளிப்பைக் கண்டால் எச்சில் ஊறும், வழி அடைத்திருந்தால் சுரப்பி வீங்கும். என் கதை முழுக்க ஒரே பக்கத்தில் இருந்தது.

மறுநாள் ஒரு பச்சை மாங்காயோடு டாக்டர் அறைக்குள் நுழைந்தேன். அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அவர் வெளியே போகச் சொன்னார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அவர் எதிரிலேயே மாங்காயைக் கடித்தேன். அவர் மணியடித்துப் பியூனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் போலக் கட்டி எழும்பிவிட்டது. வலியில் உயிர் போனது. நான் வாயை நிறுத்தவில்லை.

டாக்டர் எழுந்து வந்தார். ஒரு விரலை என் நாக்குக்கு அடியில் வைத்து, மறு கையால் தாடைக்குக் கீழிருந்து அழுத்தினார். கல் நெருடியது. அவர் முகம் சிறுத்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

கல் குழாயின் முன்பக்கம் இருந்ததால் வாய்க்குள்ளேயே சின்னதாகக் கீறி எடுத்துவிட்டார்கள். சுரப்பிக்குள் இருந்திருந்தால் கழுத்தைத் திறந்து சுரப்பியையே எடுத்திருப்பார்கள். கீழுதட்டை இழுக்கும் நரம்பு அதன் மேலாகத்தான் ஓடுகிறது. அதில் கத்தி பட்டால் வாய் கோணிப்போகும். எடுத்த கல் துவரம்பருப்பு அளவுகூட இல்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் ஒரு காகிதம் நீட்டினார். காசம் குணமாகிவிட்டது, படிப்பைத் தொடரலாம் என்று எழுதியிருந்தது. நான் வாங்கவில்லை. எனக்குக் காசம் வரவே இல்லை, அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றேன். இடம் கிடைத்ததே பெரிது, பேசாமல் போ என்றார். நகராமல் நின்றேன். இந்தத் திமிரோடு எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பாய், இதையும் உன் காகிதத்தில் எழுதட்டுமா என்று கேட்டார்.

“எழுதிக்கோங்க சார். திமிரு எனக்குக் கீது. காசம் இல்ல.”

டாக்டர் பேனாவை எடுத்து, காசம் குணமாகிவிட்டது என்று எழுதியிருந்ததை அடித்தார்.