திருத்தணிக்கு எடுத்துப்போனவையும் வாங்காமல் விட்டதும்

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை திருத்தணி போய் வந்தோம். என் கணவர் சேகருக்கு அறுபத்திரண்டு வயது. அம்பத்தூரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக மறதி நோய். அவருக்கு மொட்டை போடுவதாக நான் வேண்டியிருந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியும்போதே அதை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

பதினைந்து நாள் முன்பிருந்தே சாமான் சேர்த்தேன். எழுநூறு ரூபாய்க்கு ஒரு மடக்கு ஸ்டூல், கழுத்துத் தலையணை, பவர் பேங்க், இடுப்பில் கட்டும் பை. ஒரு வீடியோவில் பார்த்த பட்டியல்தான். (அதில் கழுத்துத் தலையணைக்குத்தான் முதலிடம். அந்த வீடியோ எடுத்தவர் கூட்டத்தில் யாரையும் தொலைத்ததில்லை போலும்.)

அம்பத்தூரில் காலை 6.10 மின்சார ரயிலில் ஏறி எட்டு மணிக்கு இறங்கினோம். டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய். அங்கிருந்து சரவணப் பொய்கைக்கு ஆட்டோ எண்பது. மொட்டை போட்டு, குளிக்க வைத்து, சந்தனம் பூசி, அவரை மடக்கு ஸ்டூலில் உட்கார வைக்கும்போது மணி ஒன்பதேகால். ஈரத்துணியைப் பிழிந்து பையில் திணிக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஸ்டூல் காலி.

எங்கு திரும்பினாலும் மொட்டைத் தலைகள், எல்லாவற்றிலும் சந்தனம், பாதிப் பேர் அவரைப் போலவே மஞ்சள் வேட்டியில். போனில் இருந்த அவர் படத்தைத் தேங்காய்க்கடைப் பெண்மணியிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல முடி கீதேம்மா. மொட்டை போட்டப்புறம் எடுத்தது இல்லியா?" என்றார்.

இல்லை. அவரைப் போனில் கூப்பிடவும் வழியில்லை. தொலைத்துவிடுவார் என்று அவர் போனையும் என் இடுப்புப் பையில்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

இரண்டேகால் மணி நேரம். 365 படியும் ஏறி இறங்கினேன். ஸ்டூலை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. பொய்கையைக் கடக்கும்போதெல்லாம் தண்ணீரை எட்டிப் பார்த்தேன்.

பதினொன்றரைக்குப் பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தேன். ஓர் ஆட்டோ ஓட்டுநர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"வெயில்ல நடந்துகினே இருந்தாரும்மா. எங்க போவணும்னு கேட்டேன். டக்குனு விலாசம் சொன்னாரு, பின்கோடோட. சென்னை பஸ்ல ஏத்திவுடலாம்னு நின்னுகினு இருக்கேன்."

"என்ன விலாசம்ங்க சொன்னாரு?"

அவர் சொன்ன தெருவில் நாங்கள் குடியிருந்ததே இல்லை. சேகர் கடிதம் கொடுத்துவந்த தெருக்களில் ஒன்று அது.

"இவங்கள தெரிதா நைனா?" என்று ஓட்டுநர் அவரிடம் கேட்டார்.

சேகர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னிக்கு லெட்டர் ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார், மரியாதையாக.

சாமி பார்க்காமலே திரும்பினோம். மறுநாள் காலை "வசந்தா" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிட்ட நாட்களை எண்ணிவிடலாம்.

இப்படி ஒருவரை அழைத்துப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதிய துணியைச் சட்டையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். மொட்டை போட்ட கையோடு ஒரு படம் எடுங்கள். கழுத்துத் தலையணை வேண்டாம். இருவர் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டும் பட்டை ஒன்று கடைகளில் கிடைக்கிறது, குழந்தைகளுக்கென்று விற்கிறார்கள். நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று திரும்ப வைத்துவிட்டேன்.