இரண்டு முறை எண்ணிய ஒளி

அந்த வரைபடத்தில் எங்கள் கணக்கின் கோடு, சோதனையில் அளந்த புள்ளிகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனது. அக்கா அதை அச்செடுத்து எங்கள் அறைக் கதவில் ஒட்டினார். "கணக்கு சரியான்னு இனி எவன் கேட்டாலும் இந்தக் கதவக் காட்டு கண்ணு" என்று சிரித்தார். முள்ளுக்குறிச்சிக்காரர், ஆய்வில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர்.

அதிவேகத்தில் இரண்டு புரோட்டான்கள் மோதினால் எத்தனை ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், தெறிக்கும் என்று கணக்கிடுவது எங்கள் வேலை. சில, மோதலிலேயே பிறக்கும். சில, மோதலில் சிதறி ஓடும் குவார்க்கிலிருந்து, அதாவது புரோட்டானுக்குள் இருக்கும் துகளிலிருந்து, பிறக்கும். முதல் கணக்கு அக்காவுடையது, இரண்டாவது என்னுடையது, கூட்டினால் விடை. குவார்க்கை ஒட்டியே பறக்கும் ஃபோட்டான் மட்டும் இரண்டு கணக்கிலும் விழும். ஒன்றிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும்.

பிரசவ விடுப்பில் அரியூர் நாடு என்ற மலைக்கிராமத்தில், கணவர் வீட்டில் இருந்தேன். ஒரு காலை குழந்தைக்கு வைட்டமின் சொட்டு கொடுத்து மூடியைத் திருகும்போது கணவர் சொன்னார்: "நீ மறந்திருப்பன்னு நான் அப்பவே ஊத்திட்டேன் புள்ள." பதறி, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடி நர்ஸுக்குப் போன் செய்தேன். "ஒரு நாள் ரெண்டு தடவ ஊத்துனா ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். அப்படியும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் கழித்தல் நினைவுக்கு வந்தது. அக்கா செய்திருப்பார் என்று நான் விட்டிருந்தேன். அவர்?

இருவரின் கணினி நிரல்களையும் மூன்று முறை படித்தேன். யாரும் கழிக்கவில்லை. கழித்ததும் கோடு புள்ளிகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுநாள் அக்காவுக்கு வேலைக்கான நேர்காணல். கதவில் ஒட்டிய அந்த வரைபடத்தைத்தான் காட்டப் போகிறார். ஒரு நாள் பொறுத்துச் சொன்னால் என்ன? சிக்னலுக்காக மரவள்ளிக் காட்டு மேட்டில் ஏறி, பாதியில் திரும்பி, மறுபடி ஏறினேன்.

சொட்டு மருந்தில் தொடங்கி எல்லாவற்றையும் போனில் அக்காவிடம் சொன்னேன். "நீ கழிச்சிருப்பன்னு நானும் இருந்துட்டனே" என்றார். பிறகு, "அந்தப் புதுக் கோட்ட அனுப்பு. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

இறங்கிய கோட்டையே அவர் காட்டினார். ஏன் பொருந்தவில்லை என்று கேட்டார்களாம். "இன்னும் தெரியலீங்க" என்றாராம். வேலை கிடைக்கவில்லை. இப்போது ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். அடிக்கடி பேசுவார், ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன வாரம் நானே கேட்டுவிட்டேன்: "அன்னிக்கி நான் பேசாம இருந்திருந்தா உங்களுக்கு வேல கெடச்சிருக்குமாக்கா?"

"கெடச்சிருக்கும்" என்றார் உடனே. "அடுத்த நாளு நீ போன் பண்ணியிருப்ப. அப்பறம் நான் அவங்களுக்குப் போன் பண்ணியிருப்பேன்."