எட்டாம் நம்பர் பூட்ஸ்

என் மகள் டாக்டர். எங்கே வெள்ளம் வந்தாலும் தொண்டர்களின் முதல் வண்டியில் ஏறிவிடுவாள். போன வருடம் ஒரு கர்ப்பிணிக்குத் தன் ரப்பர் கம்பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் நின்று வைத்தியம் பார்த்திருக்கிறாள். எலிக்காய்ச்சலோடு வீடு திரும்பினாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பெஞ்சில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தேன்.

நான் ஆம்பூரில், ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்ப்பவன். தையல் ஒரு நூல் விலகினாலும் தள்ளிவிடுவேன். விஷயம் தெரிந்ததும் கூட வேலை செய்பவர் கேட்டார்: "இன்னா சார், ஜெர்மனிக்காரன் காலெல்லாம் பத்திரமா பாத்துக்கறீங்க, சொந்தப் பொண்ணு காலை உட்டுட்டீங்களே?"

அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் உறைத்தது.

இந்த மழைக்கு மறுபடியும் கிளம்பினாள். வேண்டாம் என்றேன். "சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே பையை அடுக்கினாள். நான் லாங் பஜார் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு ஜோடி கம்பூட்ஸ் வாங்கி வந்தேன். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மிதக்காமல் இருக்கச் செங்கல் வைத்து, வாளித் தண்ணீரில் நிறுத்தினேன். தாள் நனைந்தால் ரிஜெக்ட்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க ஊறப் போட்டிருக்கீங்க? நாளைக்கு இட்லிக்கா?"

தாள் நனையவில்லை. செங்கலை மட்டும் எடுத்தேன், தாளை உள்ளேயே விட்டேன். ஷூவின் முனையில் தாள் இருந்தால்தான் எனக்குத் திருப்தி. பெட்டியில் அடைத்து அடைத்து வந்த பழக்கம்.

"ரெண்டு ஜோடி எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"அஞ்சாம் நம்பர் உனக்கு. எட்டாம் நம்பர் நீ தானம் பண்றதுக்கு. பெருசுன்னா யார் காலும் நுழையும். உன்னுதைக் குடுத்தே, நானே அங்க வந்துடுவேன்."

"வாங்க. ரத்தத்தைப் பாத்து மயங்கி விழுவீங்க, உங்களுக்கும் ஒரு கட்டில் போட்டுடறோம்."

மூன்றாம் நாள் போனில் ஒரு படம் அனுப்பினாள். கால்களைத்தான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் காலில் அஞ்சாம் நம்பர் கச்சிதமாக இருந்தது. என் மகள் எட்டாம் நம்பரில் குட்டி யானை மாதிரி நின்றாள்.

உடனே கூப்பிட்டேன். "இன்னாம்மா இது?"

"அவங்களுக்கு எட்டு கழண்டு கழண்டு போவுதுப்பா. எனக்குப் பரவால்ல. உள்ள உங்க பேப்பர் இருக்கே, டைட்டா நிக்குது."

"பேப்பரை எடுத்துப் பாரு. நனைஞ்சிருக்கா?"

சேற்றில் சளக் சளக்கென்று நடந்து எங்கேயோ உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"காஞ்சுதான் இருக்கு. பாஸா, சார்?"

"பாஸ்" என்றேன். "இன்னொரு காலையும் பாரு."