கெராங் வாளியும் ஒரு துண்டுத் தாளும்

எண்பதுகளின் கடைசி. மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேருவில், ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் லேப்பில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். வெள்ளைக் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். துவைக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வாசல் கொடியில்தான் காயப்போடுவேன். அவ்வளவு பெருமை!

எங்கள் வரிசை வீடுகளின் கோடியில் ஓர் அக்கா இருந்தார். அவர் வீட்டுக்காரர் லோரி விபத்தில் இடுப்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார். கடல் வற்றும் நேரம் பார்த்து அக்கா காப்பார் பக்கத்துக் கரைக்குப் போய், முழங்கால் சேற்றில் நின்று கெராங் பொறுக்குவார். சிப்பி மாதிரிதான், சம்பல் மிளகாய் விழுது போட்டுச் சமைத்தால் ஆளாளுக்குச் சப்புக்கொட்டுவார்கள். அதை வாளியில் கொண்டுவந்து கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஊருக்குள்ளேயே விற்றுவிடுவார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அதில்தான்.

அந்த வருஷம் புரட்டாசிக்குச் சற்று முன்னால் ஒரு பேச்சுக் கிளம்பியது. கெராங்கில் ஏதோ வாடை வருகிறது, ஓடு கையிலேயே நொறுங்குகிறது என்று. புரட்டாசி பிறந்ததும் கம்பமே சைவமாகிவிட்டது, பேச்சும் அடங்கியது. அக்காவுக்கு மட்டும் பயம் போகவில்லை. மாதம் முடியப் போகிற சமயத்தில் என்னைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, நீ லேப்புல வேல செய்யிற பொண்ணு. நீ சொன்னா நம்புவாங்க லா. தீபாவளி வேற வருது. எல்லாரும் இருக்கப்ப ஒரு வாட்டி டெஸ்ட் பண்ணிக் காட்டிரு."

"அதுக்கென்னக்கா, பண்ணிட்டாப் போச்சு!" என்றேன். எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. லேப்பில் தண்ணீரின் புளிப்பைப் பார்க்கும் தாள் இருந்தது. நல்ல கடல்நீரில் நனைத்தால் பச்சையும் நீலமும் கலந்த நிறம் காட்டும். புளிப்பு ஏறியிருந்தால் மஞ்சளாகிவிடும். சூப்பர்வைசரிடம் கேட்டுச் சில துண்டுகள் வாங்கி வந்தேன்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. அக்கா வாளி நிறைய கெராங்கும், ஒரு பாட்டிலில் அதே இடத்துத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். மாதம் முழுக்க வாயைக் கட்டியிருந்த ஜனம் கையில் சட்டியோடு வந்து நின்றது. நானும் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் என்னை நானே ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

"பாருங்க, பச்சையாகும்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். தாள் மஞ்சளானது. இன்னொன்றை நனைத்தேன். அதுவும் மஞ்சள்தான்.

"என்னம்மா, கெட்டுப் போச்சா?" என்று ஓர் ஆன்டி கேட்டார்.

"கெட்டதுன்னு இல்ல ஆன்டி, தண்ணி புளிச்சிருக்கு. ஓடும் வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பும் ஒரே சரக்குதான். புளிப்புப் பட்டா கரையும், அதான் நொறுங்குது. சாப்பிட்டா என்ன ஆகும்னு இந்தத் தாளு சொல்லாது..."

யார் கேட்டார்கள்? நான் முடிப்பதற்குள் சட்டிகள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. ஒருவரும் திட்டவில்லை. "பாவம்" என்றுகூட யாரோ சொன்னார்கள். ஆனால் ஒரு பிடி கெராங் வாங்க ஆளில்லை.

"நீ என்ன செய்வ தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். முந்தின நாளே வீட்டில் ஒரு தாளை நனைத்துப் பார்த்திருந்தால் அவர் காதோடு சொல்லியிருப்பேன். அவரும் வேறு கரை தேடியிருப்பார். அந்தப் புத்தி எனக்கு வரவில்லையே! பிறகு வேறு இடத்திலிருந்து கொண்டுவந்தும் பார்த்தார். எங்கள் ஜனம் மஞ்சள் தாளை மறக்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் பலகாரம் சுடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்கா எங்கள் தொழிற்சாலையில் வேலை கிடைக்குமா என்று கேட்டார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தேன். கையுறை வார்க்கும் கை அச்சுகளை ஆசிட்டில் முக்கி எடுத்து அலசும் பிரிவு. முதல் நாள் நான்தான் சுற்றிக் காட்டினேன். கொட்டகைக்குப் பின்னால் அலசிய தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நின்றுவிட்டார்.

"இந்தத் தண்ணி எங்க போவுது?"

அந்த வாய்க்கால் பெரிய கால்வாயில் சேரும். கால்வாய் காப்பார் பக்கம் கடலில் விழும். தினமும் அதன் ஓரமாகத்தான் பஸ்ஸில் வந்து போனேன். ஒருநாளாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? அங்கே எத்தனையோ தொழிற்சாலைகள். எங்களுடையதும் ஒன்று.

"கடலுக்குத்தான்க்கா" என்றேன்.

அக்கா ஓடுகிற தண்ணீரையே பார்த்தார். பிறகு, "சரி வா, மணியாச்சு" என்று ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தேன். "நம்ம மட்டுமா விடுறோம்?" என்று கேட்டதோடு சரி.

வேலை வாங்கிக் கொடுத்த நன்றிக்காக அக்கா இன்றும் தீபாவளிக்குத் தீபாவளி முறுக்குக் கொண்டுவந்து தருகிறார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து அதை வாங்க என்னால் ஒரு வருஷம்கூட முடிந்ததில்லை.